சேதம்: பூஜ்யம்

எங்கள் பெரிய மாமா அடிக்கடி ஒன்று சொல்வார். நமக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் ரொம்ப... ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்றாரா, மரியாதையாக நடந்துகொள்ளவேண்டும் என்றாரா, அது எனக்கு மறந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டேதான் பேசுவார். வாக்கியத்தின் பின்பாதி சோற்றோடு உள்ளே போய்விடும்.

உங்கள் செல்போனைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்தது. மன்னிக்க வேண்டும், வேண்டுமென்று எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கை, கண் போகத்தான் போகும். கூடவே அந்தச் சத்தம். டொம், டொம், டொம். காந்திபுரத்தில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன், இப்போது அவிநாசி தாண்டியாகிவிட்டது.

இல்லை, நிறுத்தவேண்டாம். ஆடுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த முயலைக் கண்டதும் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறீர்களே, அதற்கு அவசியமே இல்லை. நேராகப் போய் மோதுங்கள். மோதிப் பாருங்கள். என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. உங்களை ஒரு முழம் மேலே தூக்கிப் போடுகிறது, கண்ணைச் சிமிட்டுகிறது, மறுபடி தன்பாட்டுக்குக் குதிக்கிறது. அவ்வளவுதான் அதன் பிழைப்பு. எனக்கு அந்த முயலை அறவே பிடிக்காது. அந்த கேமைச் செய்தவன் நான்.

நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதோ அழைப்பிதழ். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, மதியம் இரண்டு மணிக்குப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறதே, அது என் முகம். பக்கம் முழுக்க உட்கார்ந்திருப்பது அது. 'டொம்முவை உருவாக்கிய குமாரசாமி அவர்கள்.' டொம்மு என்று நான் பெயர் வைக்கவில்லை. நான் வைத்த பெயர் கூர்நகன். ஆடுகிறவர்கள் டொம்மு ஆக்கிவிட்டார்கள்.

நான் பத்தொன்பது வருடம் கனடாவில் இருந்தேன். மான்ட்ரியல். பெரிய பெரிய கேம்களில் வேலை. நீங்கள் ஆடியிருப்பீர்கள். அதில் மழை பெய்தால் தரையில் ஈரம் பரவும் பாருங்கள், அந்த ஈரம் என் பொறுப்பு. லேசான காரியம் இல்லை. நாற்பத்தாறாவது வயதில் போதும் என்று திரும்பி வந்தேன். பத்தாவது வரை தமிழில் படித்தவன், பிறகு ஆங்கிலம். இரண்டிலும் எனக்குக் கோபப்பட வரும். வந்து, பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கடைக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்து, ஆறு பேரை வைத்து ஆரம்பித்தேன். கேமுக்குப் பெயர் கரும்பாறைக் கோட்டை. முப்பத்தெட்டு வகை எதிரிகள். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசித்தவன் நான். நெருப்பு துப்புகிற ஆமை இருக்கிறது, பார்த்தீர்களா? இல்லையா. அது நாலாவது லெவல். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வந்ததும் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, ஒவ்வொரு எதிரி மிருகத்துக்கும் எண்களைக் குறித்துவைக்கிற எங்கள் கம்ப்யூட்டர் அட்டவணையில் எல்லாவற்றுக்கும் தமிழில் தலைப்பு. உயரம், வேகம், சேதம். சேதம் என்றால், அந்த மிருகம் உங்களைத் தொட்டால் எத்தனை உயிர் போகும் என்கிற எண். கூர்நகனுக்கு ஒன்று. தொட்டால் ஒரு உயிர் போகும். ஆபீஸில் எல்லோரும் 'டேமேஜ்' என்றுதான் சொன்னார்கள், அது வேறு விஷயம். இரண்டாவது, ஒரு நோட்டு. பெரிய நீல அட்டை நோட்டு. அட்டவணையில் யார் ஒரு எண்ணை மாற்றினாலும் சரி, மாற்றியவரே அந்த லெவலை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு உயிர்கூட இழக்காமல், ஆடி முடித்து, நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். என் விதி. அங்கே மான்ட்ரியலில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. நான் உட்பட எல்லோருக்கும் பொருந்தும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். மேகலா. ஆத்தூர்க்காரி, இருபத்தாறு வயது. அவள் வேலை ஆடிப் பார்ப்பது. காலையிலிருந்து மாலைவரை ஆடி, எங்கே இடிக்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று எழுதித் தருவாள். கெட்டிக்காரிதான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

போன ஆகஸ்டில் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கேமை வெளியிடுகிற நிறுவனத்து ஆட்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் கரும்பாறைக் கோட்டை வெளியே வரும். பிடிக்காவிட்டால் மாடியைப் பூட்டிச் சாவியைப் பம்பு கடையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். நானே ஆடிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். செய்தவன் ஆடினால்தானே ஒரு மதிப்பு.

காலையில் ஒத்திகை பார்த்தோம். நாற்காலி சரியில்லை. தாழ்வாக இருந்தது. கன்ட்ரோலரில் தாவுகிற பட்டன் வேறு கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தது. அதனால் முதல் லெவலிலேயே, அந்த முயல் இருக்கிற இடத்தில், சில முறை உயிர் போனது. ஒரு பதினோரு முறை. எங்கள் புரோகிராமர் ஜெரால்டு, வாய் கொஞ்சம் நீளம், "சார், நான் வேணா ஆடிக் காட்டட்டுமா? நீங்க பக்கத்துல நின்னு பேசுங்க" என்றான். "உன் வேலையைப் பாரு" என்றேன். மேகலா எழுந்தாள். போய் வேறொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டினாள்.

மூன்று மணிக்குக் கூட்டம். நாற்காலி சரியாக இருந்தது, வெளிச்சம் சரியாக இருந்தது, கையும் அன்றைக்கு நன்றாக இருந்தது. முதல் லெவலை ஒரே மூச்சில் முடித்தேன். இரண்டு பேரும் கை தட்டினார்கள். அதில் பெரியவர், "கேமச் செஞ்சவரே இவ்ளோ அநாயாசமா ஆடி இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றார். அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து. அவர்கள் படி இறங்கியதும் ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "முதல் லெவல் கச்சிதமா வந்திருக்கு. இனிமே அதுல யாரும் எதையும் தொடக்கூடாது." மேகலா ஏதோ சொல்ல வந்தாள். "சார், அந்த முயல்ல மட்டும் ஒரே ஒரு..." என்றாள். "ஒண்ணையும் தொடாதேனு சொன்னேன்" என்றேன். சரி சார் என்று போய்விட்டாள்.

தீபாவளிக்கு வெளியிட்டார்கள். பிறகு கடிதமாக வர ஆரம்பித்தது. எல்லாம் ஒரே மாதிரி. டொம்மு ரொம்ப அழகு. டொம்முமேல் ஏறிக் குதித்துக்கொண்டே என் மகள் சாப்பிடுகிறாள். வேலையிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் டொம்மு பக்கத்தில் சும்மா நிற்பேன், மனசு லேசாகிவிடும். இதெல்லாம் ஒரு கேமுக்கு வருகிற கடிதமா, சொல்லுங்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்தக் கோட்டையில் எல்லாமே என்னைக் கொல்லப் பார்க்கிறது, இது ஒன்றுதான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறது.' அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அட்டவணையைத் திறந்து பார்த்தேன். கூர்நகன். சேதம்: பூஜ்யம்.

அட்டவணையில் யார் எப்போது மாற்றினார்கள் என்பதும் பதிவாகும். மேகலா. ஆகஸ்ட் பதினெட்டு. பிற்பகல் இரண்டு ஐம்பது. நீங்களே பாருங்கள், மூன்று மணிக்குக் கூட்டம், இரண்டு ஐம்பதுக்கு இந்த விஷமம். நீல நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தைந்து என்று நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மாற்றி, ஆடி, ஐந்து நிமிடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். திட்டம் போட்டுச் செய்த வேலை.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கல சார். டெமோ முடிஞ்சதும் திருப்பி மாத்தலாம்னு இருந்தேன். நீங்க தொடக்கூடாதுனு சொல்லிட்டீங்க."

"எதுக்கு மாத்தினே? அதைச் சொல்லு."

"சும்மாதான் சார்" என்றாள். சும்மாவாம்.

"இப்ப மாத்து. ஒண்ணு போடு. ஆடு. கையெழுத்துப் போடு."

"இப்ப எதுக்கு சார்? வெளியில அத்தனை பேரு அதப் பிடிச்சுப்போய் ஆடுறாங்க. இப்பப் போய் அது கடிச்சா அழுதுருவாங்க."

"என் கேமுல எது கடிக்கணும், எது கடிக்கக்கூடாதுனு நீ சொல்றியா?"

"ஒரு எண்தானே சார். நீங்களே மாத்திக்குங்க. நான் தடுக்கலையே."

எவ்வளவு தைரியம் பாருங்கள். என் விதி அவளுக்குத் தெரியும். மாற்றியவர்தான் ஆடவேண்டும், உயிர் போகாமல். எனக்கு எங்கே நேரம்? ஆறு பேருக்கு வேலை சொல்கிறவன் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்க முடியுமா? ஜெரால்டு உடனே, "நான் மாத்திடறேன் சார், ரெண்டு நிமிஷம்" என்றான். வேண்டாம் என்றேன். தப்பு செய்தவர் கையாலேயே திருத்தவேண்டும். இது கொள்கை. கொள்கையில் நான் இறங்குவதில்லை.

நாலு மாதம் இப்படியே போயிற்று. தினமும் காலையில் போய் அட்டவணையைப் பார்ப்பேன். பூஜ்யம். அவள் பாட்டுக்கு வேலை செய்வாள், வணக்கம் சொல்வாள், போவாள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு ஒருநாள் ராஜினாமா கொடுத்தாள். ஐதராபாத்தில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஒரு மாத நோட்டீஸ், ஒருநாள் குறையாமல் வந்து முடித்துக் கொடுத்தாள்.

நீங்கள் கம்பெனியில் வேலை பார்ப்பவரா? அப்படியானால் தெரிந்திருக்கும். பழைய இடத்திலிருந்து ரிலீவிங் லெட்டர் வேண்டும். இன்னார் எங்களிடம் இருந்தார், முறையாக விடுவித்தோம் என்று ஒரு பக்கம். அது இல்லாவிட்டால் புதிய இடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அச்சடித்து என் மேசையில் வைத்திருந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் அவளிடம் சொன்னேன், "ஒண்ணு போட்டுட்டு வாங்கிட்டுப் போ." அவள் சொன்னாள், "வேணாம் சார்." சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அழுதுகொண்டும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும், அவள் அப்பா வந்தார். அர்த்தனாரி என்று பெயர். ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலையில் மேஸ்திரி. வெள்ளைச் சட்டை, கையில் ஜவ்வரிசி வத்தல் ஒரு பை. லஞ்சம் என்று நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, பிற்பாடு பொரித்துச் சாப்பிட்டேன்.

"பாப்பா போகவேண்டாம்னு சொல்லுச்சுங்க சார். நான்தான் மனசு கேக்காம வந்தேன்" என்றார். "வர்ற திங்கக்கிழமை பத்து மணிக்கு அங்க சேரணுமாம். உங்க கடுதாசி இல்லீனா வாசல்லயே நிறுத்திப்போடுவாங்களாம். அந்த இடம் வேற ஆளுக்குப் போயிருமாம். ரெண்டு நாளா சோறு எறங்கல அதுக்கு."

உட்காரச் சொன்னேன். என்ன நடந்தது என்று பொறுமையாக விளக்கினேன். திரையில் முயலைக் காட்டினேன். குதித்துக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுங்களா?"

"இதுதான்."

"இது என்னங்க சார் பண்ணுது?"

"அதுதானே பிரச்சினை. ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணாததுக்கு அங்க என்ன வேலை?"

"எங்க ஆலையில ஒரு நாய் இருக்குதுங்க" என்றார். "குலைக்காது, கடிக்காது. எடைமேடைகிட்ட படுத்திருக்கும். பத்து வருசமாச்சு. அதுக்கு என்ன வேலைனு இதுவரைக்கும் மொதலாளிகூடக் கேட்டதில்லீங்க."

படிக்காத மனிதர், விட்டுவிட்டேன். ஆனால் அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த முயல் இருக்கவேண்டிய விதத்தில் இருந்தால் கேம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தால்தானே தெரியும். அவர் எதிரிலேயே அட்டவணையைத் திறந்து, பூஜ்யத்தை அழித்து, ஒன்று போட்டேன். கன்ட்ரோலரை எடுத்தேன்.

அன்றைக்கு நாற்காலி பழையபடி தாழ்வானது.

முதல் தடவை முயல் மோதி உயிர் போனது. இரண்டாவது தடவையும். அர்த்தனாரி நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மறுபடியும் அதேதாங்க சார் இடிச்சுருச்சு."

"தெரியுது."

"அது கீழ எறங்குறதுக்குள்ள நீங்க அவசரப்படறீங்க. செத்த நின்னு போங்க."

"எனக்குத் தெரியும் ஐயா."

"இல்லீங்க, தெரியாம இருக்குமா, நீங்க செஞ்சது. சும்மா சொன்னேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் அதுதாங்க" என்றார்.

கன்ட்ரோலரை மாற்றினேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். ஆபீஸில் விசைப்பலகைச் சத்தமே நின்றுபோயிருந்தது. எல்லோரும் அவரவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெரால்டு, "டீ சாப்பிட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்து போனான். அவன் டீ குடிக்கிற வழக்கம் இல்லாதவன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் கண் களைத்துவிட்டது. அந்தக் கன்ட்ரோலரும் மட்டம். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றை அழித்து மறுபடி பூஜ்யம் போட்டேன்.

மாற்றியவர் ஆடவேண்டும் அல்லவா. விதி விதிதான். ஆடினேன். முயல் தூக்கிப் போட்டது, கண்ணைச் சிமிட்டியது, நான் அடுத்த பாறைக்குப் போனேன். ஒரு உயிர்கூடப் போகவில்லை. நீல நோட்டை எடுத்துப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பாத்தீங்களா, சுளுவாப் போயிட்டீங்க" என்றார் அர்த்தனாரி. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். தானே ஆடி ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது என்றே சொல்லவேண்டும். நான் கல் இல்லை. ஊர்விட்டு ஊர் போய், தெரியாத ஆபீஸ் வாசலில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் நானும். அதன் தவிப்பு எனக்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனா மூடியைத் திறந்தேன். அர்த்தனாரி எழுந்து நின்றுவிட்டார். அந்த மனிதர் அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு நன்றி சொல்லவேண்டும்போல் இருந்திருக்கிறது.

"பாப்பா கெட்டது நெனச்சுப் பண்ணலீங்க சார்" என்றார். "அன்னைக்குப் பட்டணத்து ஆளுங்க வர்றப்ப, சார் காலையில இருந்து ரொம்பத் தடுமாறுறாரு, எல்லாரு முன்னாடியும் அவமானமாப் போயிருமேனுதான் அப்படி வெச்சேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு. யாருகிட்டயும் சொல்லாதப்பான்னுச்சு. சாரப் பாத்தா பாவமா இருந்துச்சாம்."

பாவமாம்.

அன்றைக்கு என் கை நன்றாக இருந்தது. உங்களிடம் முன்பே சொன்னேன். சென்னைக்காரர் சொன்னதையும் சொன்னேன். அநாயாசமாக என்றார். இருபத்தாறு வயதுப் பெண், நான் மான்ட்ரியலில் சேர்ந்தபோது பால் பல்கூட விழாதவள், என்னைப் பார்த்து இரக்கப்படுகிறாளாம். அதை அவள் அப்பா வந்து என் ஆபீஸில், என் ஆட்கள் காதுபட, சொல்கிறார். எதிர்த்துப் பேசியிருந்தால், திருடியிருந்தால், முகத்தில் அடித்த மாதிரி ஏதாவது செய்திருந்தால், நான் மன்னித்திருப்பேன். மன்னிக்கத் தெரியாதவன் இல்லை நான்.

பேனாவை மூடினேன்.

"கொஞ்சம் வேலை இருக்கு. நான் அனுப்பிவைக்கிறேன்" என்றேன்.

"நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனுங்களா?"

"இல்லை."

"திங்கக்கிழமைங்க சார். பத்து மணி."

"தெரியும்."

"நான் வேணா கீழ உக்காந்திருக்கேன். எந்நேரமானாலும் பரவால்லீங்க."

"கூரியர்ல வரும். நீங்க கிளம்புங்க."

கிளம்பினார். சாயங்காலம் நான் இறங்கும்போது பம்பு கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை மேகலாவிடமிருந்து செய்தி. 'அப்பா தெரியாம ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க சார். அவர் மேல கோபப்படாதீங்க.' தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு வீட்டுக்கே வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். "சார், கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. ஆத்தூர் போயி நானே குடுத்துட்டு வந்துடறேன். ராத்திரி பஸ்ஸுல கெளம்பினாகூட அவ காலையில ஐதராபாத் போயிடுவா" என்றான். "ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் விஷயம் பேசுறதில்லை" என்றேன். அதுவும் என் விதிதான், ரொம்ப நாளாக இருக்கிறது. அவன் இப்போது என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. ஆபீஸில் எல்லோருமே அப்படித்தான். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு கேமைச் செய்து, ஆறு பேருக்குச் சோறு போட்டு, கடைசியில் கெட்டவன் நான், நல்லது அந்த முயல்.

பெருந்துறை வந்துவிட்டதா? இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. நீங்கள் ஏன் ஒன்றுமே சொல்லாமல் வருகிறீர்கள்? ஆடுங்கள், நான் தொந்தரவு செய்யவில்லை. அந்த எண்ணைக் கேட்டீர்களானால், இன்னும் பூஜ்யம்தான். நேரம் கிடைக்கும்போது மாற்றுவேன்.

கடிதமா? திங்கட்கிழமை முழுக்க என் மேசை இழுப்பறையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டு ஆத்தூர் முகவரிக்குக் கூரியரில் அனுப்பினேன்.